எலும்பு கூடிடுச்சுன்னு சொல்றாங்க, வலி மட்டும் ஏன் போகல?

9 மே, இரவு 11.40

விஷயம் தெரிஞ்சவங்க பதில் போடுங்க. ஜனவரி கடைசியில பள்ளிகொண்டா தாண்டி பைபாஸ்ல வண்டி சறுக்கி, வலது முட்டிக்குக் கீழ எலும்பு ரெண்டா உடைஞ்சுடுச்சு. ஆபரேஷன் பண்ணி உள்ள ராடு போட்டாங்க. போன வாரம் எக்ஸ்ரே பார்த்துட்டு, எலும்பு கூடிடுச்சு, இனிமே ஸ்டிக் இல்லாம நடங்கன்னார் டாக்டர். ஆனா வலி போன பாடில்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பி உட்கார வைக்குது.

டிரமடாலும் பாராசிட்டமாலும் கலந்த மாத்திரை, ஒரு நாளைக்கு 4 போடுறேன். முன்ன ஒண்ணு போட்டா ஆறு மணி நேரம் தாங்கும். இப்ப மூணு மணி நேரம் தாங்கினாலே பெருசு. உள்ள ராடு லூசாகி இருக்குமா? இதைவிட வீரியமான மாத்திரை இருக்கா? பேரை மட்டும் சொல்லுங்க, அட்வைஸ் வேணாம்.

10 மே

பேர் சொல்ல மாட்டேன்னு மூணு பேர் எழுதியிருக்கீங்க. சரி.

புத்தூர் கட்டு போட்டிருக்கலாமேன்னு கேட்டவருக்கு: எங்கம்மாவும் அன்னிக்கு ஆம்புலன்ஸ்லயே அதைத்தான் சொன்னாங்க. "புத்தூருக்கு இட்டுனு போனா பச்சிலையும் முட்டையும் வெச்சு மூங்கிப் பத்தை கட்டி அனுப்பிடுவான், இதுக்கு இன்னாத்துக்கு கத்தி?"ன்னு. எங்க தாத்தாவுக்கு அங்கதான் கை கூடுச்சு. ஆனா என்னோடது எலும்பு தோலைக் கிழிச்சுட்டு வெளிய வந்த கேஸ். அதுக்கு ஆபரேஷன்தான் வழி. அதுல எனக்கு வருத்தம் எதுவும் இல்ல.

12 மே

வலி எந்த இடத்துல, எந்த நேரத்துல, என்ன செஞ்சா கூடுதுன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். முதல்ல எரிச்சலாத்தான் வந்துச்சு. அப்புறம் உட்கார்ந்து எழுதினேன். மண்டித் தெருவுல வெல்ல மண்டியில பேரேடு எழுதுறது என் தொழில், பதினெட்டு வருஷமா. எழுதினாத்தான் எனக்கு எதுவும் புரியும்.

மூணு நாள் கணக்கு: காலை 5, 9, மதியம் 1, சாயங்காலம் 5, இரவு 9, நடு ராத்திரி 2. சனிக்கிழமை மார்க்கெட் வரைக்கும் நடந்து போய் வந்தேன், வலி அதே நேரத்துலதான். ஞாயித்துக்கிழமை கட்டிலை விட்டு இறங்கல, அன்னிக்கும் அதே நேரம். எங்க வலிக்குதுன்னு காட்டச் சொன்னா, காலு முழுக்கன்னுதான் சொல்ல முடியுது. சில சமயம் முதுகும், வலிக்காத இடது காலும்கூட.

ராடு லூசா இருந்தா நடந்தாத்தானே வலிக்கணும்? இதுக்கு எனக்கு விளக்கம் தெரியல.

16 மே

முந்தாநேத்து குடியாத்தம் போனோம், கங்கையம்மன் சிரசு திருவிழா. என் மனைவி ஊர் அது, வருஷா வருஷம் போயிடுவோம். விடியக்காலை கிளம்புற அவசரத்துல மாத்திரையை வீட்டுலயே வெச்சுட்டேன். முந்தின ராத்திரி பத்து மணிக்குப் போட்டதுதான் கடைசி.

சிரசு ஊர்வலம் கூட்டத்துல நிக்கறப்ப மதியம் கொட்டாவியா வந்துச்சு. ஒண்ணு முடியறதுக்குள்ள இன்னொண்ணு. சாயங்காலம் மூக்கு ஒழுக ஆரம்பிச்சுது. அந்தக் கத்திரி வெயில்ல கையில மயிர்க்கூச்சம். வயித்தைக் கலக்கி ரெண்டு தடவை போனேன். உட்கார முடியல, நிக்க முடியல, காலை ஆட்டிக்கிட்டே இருக்கணும்போல ஒரு தவிப்பு. கூட்டத்துல யார்கிட்டயோ ஜுரம் ஒட்டிக்கிச்சுன்னு மாமியார் கஷாயம் வெச்சுக் கொடுத்தாங்க.

ராத்திரி ஒன்பதரைக்கு வேலூர் வந்து சேர்ந்ததும் செருப்பைக் கழட்டாம உள்ள போய் ரெண்டு மாத்திரை போட்டேன். பத்தே முக்காலுக்கு மூக்கு நின்னுடுச்சு. வயிறு அடங்கிடுச்சு. தூங்கிட்டேன்.

17 மே

நேத்து நானே எழுதினதைக் காலையில திரும்பப் படிச்சேன். காலு வலி மாத்திரைக்கு ஒரு மணி நேரத்துல ஜலதோஷம் எப்படி நிக்கும்?

19 மே

முதல் பதிவுல 4 மாத்திரைன்னு எழுதியிருந்தேன். அது பொய். உங்ககிட்ட மட்டும் சொன்ன பொய் இல்ல, நானே அப்படித்தான் நம்பிக்கிட்டு இருந்தேன். என் பொண்ணு பிளஸ் ஒன் படிக்கிறா. அரிசி டின்னுக்குப் பின்னாடி நான் போட்டு வெச்ச காலி அட்டையை எல்லாம் எடுத்து, தேதி போட்டு எண்ணி வெச்சிருந்தா. பத்து மாத்திரை அட்டை, பத்து நாள்ல எட்டு. அப்படின்னா ஒரு நாளைக்கு 8.

அந்த மாத்திரைக்கு 8தான் உச்ச வரம்பு. ஒண்ணுல டிரமடால் 37.5 மில்லிகிராம், பாராசிட்டமால் 325. எட்டுக்கு 300, 2,600. இதுல போன வாரம் உடம்பு சூடா இருக்குன்னு தனியா பாராசிட்டமால் 650 வேற வேளைக்கு ஒண்ணா மூணு போட்டேன். அது 1,950. மொத்தம் 4,550. ஒரு நாளைக்கு 4,000 தாண்டினா கல்லீரலுக்கு ஆபத்து. மண்டியில ஒரு மூட்டை கூடினாலும் குறைஞ்சாலும் ராத்திரி உட்கார்ந்து தேடிக் கண்டுபிடிக்கிறவன் நான். இதை மூணு மாசமா கூட்டிப் பார்க்கவே இல்ல.

பொண்ணு சத்தம் போடல. நோட்டை மட்டும் என் முன்னாடி வெச்சுட்டுப் போயிட்டா.

20 மே, விடியக்காலை

தூக்கம் வரல, அதனால இதையும் எழுதிடுறேன். ஏப்ரல்ல மறுபடி மண்டிக்குப் போன முதல் நாள். நொண்டிக்கிட்டு உள்ள போறதை முதலாளி பார்ப்பார், வேலைக்கு ஆக மாட்டான்னு நினைப்பார்னு பயம். அன்னிக்குக் காலையில காலு வலிக்கவே இல்ல. நல்லா ஞாபகம் இருக்கு. இருந்தும் ரெண்டு மாத்திரை போட்டேன். நெஞ்சுல இருந்த கல்லு இறங்கின மாதிரி இருந்துச்சு. நல்லா பேசினேன், சிரிச்சேன்.

வலிக்கு இல்லாம நான் போட்ட முதல் மாத்திரை அதுதான். அப்புறம் கடன்காரர் வந்த நாள், மச்சினன்கூட சண்டை நடந்த நாள்.

23 மே

நிறுத்திட்டேன். நேத்து ராத்திரியோட சரி. மிச்சம் இருந்ததை எல்லாம் கழிவறையில கொட்டித் தண்ணி ஊத்திட்டேன். மன உறுதி இருந்தா போதும்னு இங்க ரெண்டு பேர் எழுதினது உண்மைதான். இதே நிலைமையில இருக்கறவங்க எல்லாரும் இப்படியே ஒரே நாள்ல நிறுத்திடுங்க.

25 மே, 3.10

கை நடுங்குது. எழுத முடியல. சட்டை மூணு தடவை மாத்திட்டேன். காரணமே இல்லாம பயமா இருக்கு.

27 மே

23ஆம் தேதி நான் எழுதினதை யாரும் கேக்காதீங்க. அந்தப் பதிவை அழிக்காம விட்டு வெச்சிருக்கேன், அதுக்குக் கீழ இதையும் படிக்கணும்னு.

சனிக்கிழமை காலையில அம்மா என்னைப் பார்த்துட்டு, "இன்னாடா, மூஞ்சி ஏன் இப்படி கீது, பேய் அடிச்சாப்ல?"ன்னு அழ ஆரம்பிச்சாங்க. மனைவியும் அம்மாவுமா ஆட்டோ வெச்சு மனநல டாக்டர்கிட்ட இட்டுனு போனாங்க. டாக்டரம்மா முதல்ல கோபப்பட்டது மாத்திரை போட்டதுக்கு இல்ல, திடீர்னு நிறுத்தினதுக்கு. மாசக்கணக்கா போட்டதை ஒரே நாள்ல நிறுத்தினா உடம்பு அலறும், அந்த அலறல் தாங்காம முன்னைவிட அதிகமா விழுங்கினவங்க இருக்காங்கன்னாங்க. டிரமடாலை அளவு மீறிப் போட்டா வலிப்பு வரலாம்.

இப்ப ஒரு நாளைக்கு 6. வாரத்துக்கு ஒண்ணு குறைக்கணும். சீட்டுல ஒரு வாரத்துக்கு மட்டும்தான் எழுதித் தருவாங்க. மாத்திரை மனைவி பொறுப்பு. வேளை வந்தா கொடுப்பாங்க, வலிக்குதுன்னு நான் கேட்டா கொடுக்கக் கூடாது.

2 ஜூன்

டாக்டரம்மா என்ன கேட்டாங்கன்னு நிறைய பேர் விசாரிச்சிருக்கீங்க. எத்தனை மாத்திரை, எந்த நேரம். நேரம் தப்பினா காலு மட்டும் வலிக்குதா, இல்ல மூக்கு, வயிறு, தூக்கம் எல்லாம் சேர்ந்து கெடுதா. வலி இல்லாதப்ப போட்டது உண்டா. எண்ணிக்கையை வீட்டுல மறைச்சீங்களா. குறைக்கப் பார்த்து முடியாம போச்சா. கடைசிக் கேள்வி, மாத்திரை தீரப் போகுதுன்னா மனசுல என்ன ஓடும்? அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லாம தரையைப் பார்த்தேன். ரெண்டு நாளைக்கு முன்னாடியே மெடிக்கல் எத்தனை மணிக்கு மூடுவான்னு யோசிக்க ஆரம்பிச்சிடுவேன்.

அவங்க பிரிச்சுச் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல். இந்த மாதிரி மாத்திரையை வாரக்கணக்கா யார் போட்டாலும் உடம்பு அதுக்குப் பழகிடும், அது யாரோட குணத்தையும் பொறுத்தது இல்ல. மறைக்கிறது, பொய் சொல்லி வாங்குறது, வலி இல்லாம போடுறது, கெடுதல்னு தெரிஞ்சும் விட முடியாதது, இதெல்லாம் அடுத்த கட்டம். "உங்களுக்கு முதல்து முழுசா இருக்கு, ரெண்டாவதுல ஒரு காலை வெச்சுட்டீங்க"ன்னாங்க. நல்ல காலா உடைஞ்ச காலான்னு அம்மா கேட்டாங்க, டாக்டரம்மாவே சிரிச்சுட்டாங்க.

டிரமடால் அபினோட உறவுக்கார மருந்து. மூளையில அபின் போய் உட்கார்ற அதே இடத்துலதான் இதுவும் உட்காருது. கல்லீரல் இதை இன்னும் வீரியமான பொருளா மாத்துது. அது போக செரட்டோனின், நார்அட்ரினலின்னு மனநிலையோட சம்பந்தப்பட்ட ரெண்டையும் தூக்கி விடுது. நெஞ்சுல கல்லு இறங்கினது அதனாலதான். நிறுத்தினப்ப காரணமில்லாத பயம் வந்ததும் அதனாலதான். மன அழுத்தத்துக்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுறவங்க இதை டாக்டருக்குச் சொல்லாம சேர்த்துப் போடக் கூடாது, செரட்டோனின் எல்லை மீறினா உயிருக்கே ஆபத்து. தூக்க மாத்திரை சேர்த்துக்கோங்கன்னு இங்க ஒருத்தர் எழுதியிருந்தார். தயவுசெஞ்சு வேணாம். ரெண்டும் சேர்ந்தா மூச்சு மந்தமாகும், சாராயமும் அப்படித்தான்.

இன்னொண்ணு. நாள்பட இதைப் போட்டா வலி தாங்குற சக்தியே குறைஞ்சு போகலாமாம். காலு முழுக்க, இடது காலுலயும்கூட வலிச்சது ஏன்னு கேட்டேனே, அதுக்கு இதுவும் காரணமா இருக்கலாம்னாங்க. ராடு நல்லாத்தான் இருக்கு.

எங்க வீட்டுல பாகாயம்னு பேர் எடுத்தாலே பேச்சை மாத்துவாங்க, அங்க மனநல மையம் இருக்கறதால. எங்க சித்தப்பா ஒருத்தரை அந்தக் கூச்சத்துலயே கடைசி வரைக்கும் யார்கிட்டயும் காட்டல. வேலூர்ல வழி இல்லாம இல்ல. பாகாயம் இருக்கு, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு. நேர்ல போகக் கூச்சமா இருந்தா 14416ங்கிற மனநல உதவி எண்ணுக்கு போன் பண்ணித் தமிழ்லயே பேசலாம். போதைப் பழக்கத்துக்குன்னே 14446 இருக்கு. ரெண்டும் இலவசம்.

9 ஜூன்

மெடிக்கல்காரங்க மேலதான் தப்பு, பழைய சீட்டுக்கு ஏன் கொடுக்குறாங்கன்னு நேத்து ஒருத்தர் காரசாரமா எழுதியிருந்தார். நானும் ஒரு வாரம் அந்தக் கோபத்துலதான் இருந்தேன். இப்ப முழுக்க அப்படிச் சொல்ல மனசு வரல.

டிரமடால் 2014லேயே எச்1 பட்டியல்ல வந்தாச்சு, அதாவது டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாத மருந்துங்க பட்டியல். அட்டையில சிவப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை இருக்கும். கடைக்காரர் தனி நோட்டுல டாக்டர் பேர், நோயாளி பேர், மருந்து, எண்ணிக்கை எல்லாம் எழுதி மூணு வருஷம் வெச்சிருக்கணும். 2018ல போதைப் பொருள் தடுப்புச் சட்டத்துக்குள்ளயும் கொண்டு வந்துட்டாங்க. சட்டம் இருக்கு.

நான் என்ன செஞ்சேன்? பிப்ரவரியில எழுதின ரெண்டு வாரச் சீட்டை வெச்சு மே வரைக்கும் வாங்கினேன். லாங்கு பஜார் பக்கம் ஒரு கடை, சத்துவாச்சாரியில ஒண்ணு, காட்பாடி ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒண்ணு. ஒரு இடத்துல மனைவி பேரைச் சொன்னேன். ஒரு கடையில வேலை செய்யுற பொண்ணு, "அண்ணா, இது தேதி முடிஞ்சுது, டாக்டரைப் பார்த்துட்டு வாங்க"ன்னு மரியாதையாத்தான் சொல்லுச்சு. நான் கத்திட்டு வந்தேன். காலு உடைஞ்சவன் வலி உனக்கு என்ன தெரியும்னு. போன புதன்கிழமை அந்தக் கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அதுக்கு என்னை ஞாபகமே இல்ல, ஆனா உட்காரச் சொல்லித் தண்ணி கொடுத்துச்சு.

மத்த ரெண்டு கடையும் கேள்வி கேக்காம கொடுத்தது தப்புதான். அதையும் விட்டுடலை.

16 ஜூன்

வாணியம்பாடியில இருந்து ஒரு தங்கச்சி எழுதினதைப் படிச்சுட்டு மனசு கலங்கிடுச்சு. அவங்கம்மாவுக்கு முட்டி மாத்து ஆபரேஷன் முடிஞ்சு நாலு நாள். நான் எழுதினதை எல்லாம் படிச்சுட்டு, பயந்து, மாத்திரை கொடுக்காம வெச்சிருக்காங்களாம். அம்மா ராத்திரி பூரா முனகுறாங்களாம்.

தங்கச்சி, அம்மாவுக்கு மாத்திரையை உடனே கொடு. டாக்டர் எழுதின அளவுல, எழுதின நாளைக்கு, தயங்காம கொடு. ஆபரேஷன் முடிஞ்ச முதல் நாள்கள்ல வலியை அடக்கினாத்தான் அவங்க முட்டியை மடக்கிப் பழக முடியும், எழுந்து நடக்க முடியும். அடக்காம விட்டா முட்டி இறுகிடும். நான் சொல்ல வந்தது மாத்திரை விஷம்னு இல்ல. என் முந்தின பதிவுகள் அப்படிப் படுதுன்னா எழுத்துல தப்பு செஞ்சுட்டேன். புத்துநோய் வலிக்கு மார்ஃபின் சாப்பிடுறவங்க கதையும் முற்றிலும் வேற. அவங்ககிட்ட போய் அடிமை ஆயிடுவேன்னு யாரும் பேசாதீங்க.

நீ கவனிக்க வேண்டியது இதுதான். சீட்டுல எத்தனை நாள்னு பார்த்து வெச்சுக்கோ. நாள் முடிஞ்சும் தேவைப்பட்டா கடைக்குப் போகாம டாக்டர்கிட்ட போ. மிச்சம் ஆனதை அலமாரியில சேர்த்து வெக்காதே. மலச்சிக்கல் அநேகமா வரும், அதுக்கும் இப்பவே மருந்து கேட்டு வாங்கிக்கோ. நான் வெட்கப்பட்டு மூணு மாசம் அதையும் சொல்லாம இருந்தேன்.

18 ஜூன்

தங்கச்சி பதில் போட்டிருக்கு. அம்மா நேத்து வாக்கர் பிடிச்சு வாசல் வரைக்கும் நடந்தாங்களாம். எனக்கு இன்னிக்குச் சோறு ருசியா இருந்துச்சு.

30 ஜூன்

3ல நிக்குது. அதுக்குக் கீழ போகல. 2க்கு இறங்கினா ராத்திரி காலுக்குள்ள எறும்பு ஊருது. இந்த வாரமும் 3லயே இருங்க, அவசரம் இல்லன்னாங்க டாக்டரம்மா.

எங்க பெரிய மாமா நேத்து வீட்டுக்கு வந்திருந்தார். கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியில செருப்பு தைக்கிற பிரிவுல இருந்து ரிட்டயர் ஆனவர். வர்றப்ப இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் ஒரு பை கொண்டு வந்தார். சாப்பிட்டு முடிச்சு என் விஷயத்தை எல்லாம் கேட்டுட்டு, வலி தெரியாத காலை நீ பார்த்திருக்கியான்னார். அவர் ஆயுசு பூரா பார்த்தது அதைத்தான். ஆணி குத்தி, கால்லயே இருக்கும், ஆளு அதோட வீட்டுக்கு நடந்து வருவான். அடுப்புல விரல் வெந்தது வாசனை வந்தாத்தான் தெரியும். அப்படிப்பட்ட காலுக்கு அவர் மெத்துன்னு ரப்பர் வெச்சு, காலோட அச்சு எடுத்து செருப்பு தைச்சிருக்கார்.

1946ல வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் கண்டுபிடிச்சுச் சொன்னதும் அதுதானாம். தொழுநோயாளிக்கு விரல் அழுகி விழறது நோயால நேரா இல்ல, வலி தெரியாததால காயம் மேல காயம் பட்டுத் தேஞ்சு போகுதுன்னு. அந்த ஆளுங்க எல்லாம் எனக்குக் கொஞ்சம் வலி கொடு சாமின்னு கேப்பாங்கடா, நீ இருக்கறதை மாத்திரை போட்டு மூடுறன்னார் மாமா. திட்டின மாதிரி இல்ல. என் காலைத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டு, தையல் போட்ட இடத்தைத் தடவிக்கிட்டே சொன்னார்.

இதை முழுசா ஏத்துக்க முடியுமான்னு நேத்துல இருந்து யோசிக்கிறேன். பிப்ரவரியில எனக்கு இருந்த வலி எதையும் கத்துக்கொடுக்கல, அது வெறும் சித்திரவதை, அதுக்கு மாத்திரை வேணும். ஆனா இப்ப மாடி ஏறினா கெண்டைக்கால்ல வர்ற வலி வேற. நாலு மாசம் வேலை செய்யாத தசை கேக்குற கூலி அது. அதுக்குப் பிசியோதெரபி இருக்கு. சுவர்ல சாய்ஞ்சு, காலை நீட்டி மணல் பை தூக்குறேன், ஒரு வேளைக்கு முப்பது தடவை.

14 ஜூலை

2.

28 ஜூலை

1. ராத்திரி மட்டும்.

தூக்கம் நாலு மணி நேரம் வருது. ஒண்ணு கவனிச்சேன்: நடு ராத்திரி 2 மணி வலி இப்ப வர்றதில்ல. முழிப்பு வருது, காலைத் தொட்டுப் பார்க்கிறேன், சும்மா இருக்கு.

12 ஆகஸ்ட்

நேத்து ராத்திரி மனைவி மாத்திரை கொடுக்கல. நானும் கேக்கல. ரெண்டு பேரும் அதைப் பத்திப் பேசிக்கலை. காலையில பொண்ணு அந்த நோட்டை எடுத்து, கடைசி வரியில சுழி போட்டு, கீழ ரெட்டைக் கோடு இழுத்தா. பேரேடு முடிக்கறப்ப நான் இழுக்கிற மாதிரியே.

6 அக்டோபர்

ரெண்டு மாசம் ஆச்சு. அந்த வழியா போறப்ப மெடிக்கல் பச்சை போர்டைப் பார்த்தா வயித்துல இன்னும் ஒரு இழுப்பு இருக்கு. அதை மனைவிகிட்ட சொல்லிடுறேன், மறைக்கிறதில்ல.

இன்னொரு விஷயத்துக்காக எழுதுறேன். கணுக்கால் பக்கம் இருக்கிற ஸ்க்ரூ தோல்ல உறுத்துது. அடுத்த வருஷம் ஆடிக்கு அப்புறம் ராடையும் ஸ்க்ரூவையும் எடுத்துடலாம்னு எலும்பு டாக்டர் சொல்றார். நடந்தது எல்லாத்தையும் அவர்கிட்ட சொல்லிட்டேன். ஃபைல்ல எழுதிக்கிட்டார், மயக்க டாக்டருக்கும் முன்கூட்டியே சொல்லணும்னார். டிரமடால் தேவைப்பட்டா அஞ்சு நாளைக்கு மேல இல்ல, அதுவும் ஆஸ்பத்திரியில இருக்கற வரைக்கும். வீட்டுக்கு வந்தப்புறம் வெறும் பாராசிட்டமாலும் ஐஸ் ஒத்தடமும். சீட்டு மனைவி பேக்ல.

ராடு எடுத்தவங்க யாராவது இங்க இருந்தா பதில் போடுங்க. மூணாம் நாள், நாலாம் நாள் வலி எப்படி இருந்துச்சு? எதைக் கொண்டு சமாளிச்சீங்க? இந்தத் தடவை அட்வைஸும் வேணும்.